தார் சுற்றியபோது கட்டிய பாட்டு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய பாட்டுகளை நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். அதைப் பாடிய இங்கிலீஷ் பாட்டுக்காரம்மாவின் பெயர், வஷ்டி பன்யன், வாயில் நுழையவே இரண்டு நாள் ஆயிற்று. இங்கிலீஷ் பாதி புரியவில்லை. ஆனால் அந்தக் குரல், பக்கத்தில் தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று பாடுகிற மாதிரி இருக்கிறது.

அந்த அம்மாவின் கதையிலேயே மனசு நிற்கிறது. 1968இல் லண்டனிலிருந்து குதிரை வண்டி கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துத் தீவுப் பக்கம் கிளம்பியது, வழியில் கட்டிய பாட்டுகள் 1970இல் ரெக்கார்டாக வந்தும் யாரும் சீந்தாமல் போனது, பாட்டையே விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்த்தது. 2000இல் அது சிடியாக மறுபடி வந்து, புதுத் தலைமுறை தேடிக் கேட்டபிறகு 2005இல் அடுத்த ஆல்பம். 35 வருஷம்!

"நீயும் எங்களுக்காகத்தானேம்மா பாடுவதை விட்டாய்" என்றாய். இல்லை கண்ணு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால், அம்மாபேட்டை வீட்டில் தார் சுற்றிக்கொண்டே, அதான் தறிக்கான நூலைக் குச்சியில் சுற்றிக்கொண்டே, நானாகக் கட்டிய பாட்டுகள் என்னுடையவை. ராட்டை வேகம்தான் தாளம். நூல் அறுந்தால் பாட்டும் நிற்கும். முடிச்சுப் போட்டு, விட்ட இடத்திலிருந்து எடுப்பேன். உன் தாத்தா கடன் வாங்கி 50 கேசட் போட்டுக் கொடுத்தார். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையில் ஒரு கடையில் வைத்தோம். விற்றது நாலு. மீதியை அட்டைப்பெட்டியோடு தாத்தா தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். அன்றைக்கு நின்றது என் பாட்டு. நீ பிறக்க அப்புறம் மூன்று வருஷம் இருந்தது. அதனால் அதை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே, சாமி.

அந்த 2005 ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் முயல் அவர் மகள் வரைந்தது என்றாயே, அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நேற்று பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். ஒரு கேசட்டில் டேப் வெளியே வந்து சுருண்டு கிடந்தது. பென்சிலை விட்டுச் சுற்றினேன். போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. ஆனாலும் சுற்றச் சுற்ற வாய் தானாகப் பாடியது. முதல் பாட்டு முழுசாக வந்தது. இரண்டாவதில் ஒரு அடி வரவில்லை, புதுசாகக் கட்டிவிட்டேன்.

ஆடிக்கு வரும்போது உன் போனில் பதிவு செய்து கொடு. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் விழும் என்று கதவைச் சாத்த வேண்டாம். அது இருக்கட்டும்.

அம்மா