கேட்டது 2023 பெனடெஸ் ஆர்கானிக் வெள்ளை ஒயின், வந்தது வெயிலில் வெந்த 2021: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
ஒயின் இறக்குமதிப் பிரிவு, சிங்கப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் உணவகத்துக்காக உங்களிடம் கேட்டது 10 பெட்டி, பெட்டிக்கு 6 பாட்டில். ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள பெனடெஸ் வட்டாரத்து ஆர்கானிக் வெள்ளை ஒயின், 2023 அறுவடை. சரெல்லோ, மக்கபேவு, பரெயாடா என்ற மூன்று திராட்சைகளின் கலவை. பாட்டில் 31 சிங்கப்பூர் வெள்ளி, ஜிஎஸ்டி தனி. பணம் முழுவதும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. வந்த சரக்கு அதுவல்ல; 2021 அறுவடை, அதுவும் சூட்டில் நிறம் மாறிக் கெட்டது. விற்பனைப் பிரிவைக் கேட்டால் கிடங்கைக் கைகாட்டுகிறது, கிடங்கு கணக்குப் பிரிவைக் கைகாட்டுகிறது, அங்கே கேட்டால் மறுபடியும் விற்பனைப் பிரிவு. பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் எழுத்தில் தருகிறோம்.

உங்கள் ஹாட்லைனில் பேசியவர் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னும் ஆறவில்லை. "ஆர்கானிக்னா கலர் அப்படித்தாங்க மாறும். பிடிக்கலன்னா சாதாரண ஒயின் வாங்கிக்கோங்க." அதற்கு மேல், அடியில் தெரியும் படிகங்கள் கண்ணாடித் தூள் இல்லை என்று ஒரு பாடம் வேறு. படிகத்தைப் பற்றி யார் ஐயா புகார் சொன்னது? அது டார்ட்டாரிக் உப்பு, குளிரில் படியும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஒயின் விற்கிற நிறுவனத்துக்கு இதைத் தாண்டிக் கொஞ்சம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒரே ஒரு பாட்டிலை எடுத்துச் சொல்கிறேன். கழுத்தில் உள்ள தகட்டு உறையைத் திருகினால் அசையவில்லை. உள்ளே ஒயின் கசிந்து பிசுபிசுவென்று காய்ந்து ஒட்டியிருக்கிறது. வெட்டி எடுத்தால் கார்க் பாட்டிலின் வாயைவிட 3 மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. கார்க்கின் பக்கவாட்டில் அடியிலிருந்து நுனிவரை ஈரக்கோடு. இளம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய ஒயின் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. முகர்ந்தால் நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை. இது வெப்பத்தின் வேலை. சூட்டில் ஒயின் விரிகிறது, கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மில்லிலிட்டர்தான், அது போதாமல் கார்க்கைத் தள்ளுகிறது. ஆறும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போகிறது. இதில் ஆர்கானிக் எங்கே வந்தது? ஐரோப்பிய விதிப்படி சர்க்கரை மீதமில்லாத ஆர்கானிக் வெள்ளை ஒயினில் சல்பைட் என்ற காக்கும் மருந்து லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரைதான். சாதாரண வெள்ளைக்கு 200. காக்கும் மருந்து குறைவு என்றால் குளிர்ச்சியில் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் ஆள் அதையே சாக்காக்குகிறார்.

செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கப்பல் பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடக்கிறது. குளிர்சாதனக் கன்டெய்னரில் 13 டிகிரியில் வந்ததா, சாதாரணக் கன்டெய்னரில் வந்ததா? வெப்பநிலைப் பதிவை அனுப்பி வைத்தால் நன்றி உள்ளவர்களாக இருப்போம்.

கெட்டுப்போனது ஒரு பக்கம். லேபிள் இன்னொரு பக்கம். 2023-இல் கட்டலோனியாவில் கடும் வறட்சி, அறுவடை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டித்தான் விலையை ஏற்றினீர்கள். வறட்சி உண்மைதான், நாங்களும் மறுக்காமல் கொடுத்தோம். அனுப்பியதோ 2021! பின்பக்க லேபிளில் ஐரோப்பிய ஆர்கானிக் அடையாளமான, 12 நட்சத்திரம் போட்ட பச்சை இலை முத்திரை இல்லை. கட்டலோனியாவின் சான்றளிப்புக் குறியீடான ஈஎஸ்-ஈகோ-019-சிடி என்பதும் இல்லை. திராட்சைத் தோட்டம் ஆர்கானிக்குக்கு மாற 3 வருடம் பிடிக்கும், அந்த இடைக்கால ஒயினுக்கு இலை முத்திரை போட முடியாது. அந்தச் சரக்கைத்தான் எங்கள் தலையில் கட்டினீர்களா?

திராட்சைப் பெயர்களின் வரிசையும் மாறியிருக்கிறது. கலவையில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும். நாங்கள் ருசி பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் சரெல்லோ முதலில்; புளிப்பும் வாயில் நிற்கும் கனமும் சோம்பு வாசனையும் அதனால்தான். வந்ததில் மக்கபேவு முதலில், ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில் வியூரா என்பார்களே, அதே மென்மையான திராட்சை. உயரமான மலைப்பக்கத்துப் பரெயாடா இரண்டிலும் கடைசி. பழையது என்பதற்காக மட்டும் நாங்கள் குறை சொல்லவில்லை, நல்ல சரெல்லோ குளிரில் வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் இது வேறு ஒயின்.

மாதிரி பாட்டில்களோடு துவாஸில் உள்ள உங்கள் கிடங்குக்கு வரச் சொன்னதும் நீங்கள்தான். அங்கே வாசலிலேயே நிறுத்தி, "திரும்பப் பெறும் படிவத்தில் சேல்ஸ் கையெழுத்து இல்லை" என்று திருப்பி அனுப்பியதும் நீங்கள்தான். அந்தக் கையெழுத்து வேண்டும் என்று முன்பே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. விருந்து சீசன் முழுவதும் பாழ். எங்கள் ஒயின் பட்டியலை இனி ஒருவரும் நம்பப்போவதில்லை; இத்தனை வருடப் பெயர் போயே போய்விட்டது.

நீண்டகால வாடிக்கையாளர் என்ற முறையில் பணிவாகவே கேட்கிறோம். 60 பாட்டிலையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, 2023 சரக்கை லாட் எண்ணோடும் ஆர்கானிக் சான்றிதழ் நகலோடும் தாருங்கள். இல்லையென்றால் 1,860 வெள்ளியையும் ஜிஎஸ்டியையும் திருப்பித் தாருங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கு, ஆர்கானிக் என்று சொல்லி விற்றதற்காகச் சிங்கப்பூர் உணவு அமைப்பில் தனிப் புகார். இரண்டுக்கும் தாள்கள் தயார்.

கார்க், லேபிள் படங்களும் இன்வாய்ஸ் நகலும் இணைப்பில் உள்ளன. திறக்காத பாட்டில்கள் 14 டிகிரி அறையில் தனியாக இருக்கின்றன. வண்டி அனுப்பினால் காலை 11 மணிக்குள் அனுப்புங்கள், மதியம் பின்வாசலில் நிறுத்த இடம் கிடையாது. அந்த ஹாட்லைன் ஆளை மட்டும் தயவுசெய்து திரும்ப எங்களிடம் பேச விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒயின் கொள்முதல் பொறுப்பாளர்