நீ அனுப்பிய பர்கர் படம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நீ அனுப்பிய படத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

இரவு என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டதற்கு, ஒரு வார்த்தையும் எழுதாமல் ஒரு பர்கர் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். அவள் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறாள் என்று நிம்மதியாகப் படுத்துவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அச்சகத்தில் நாலு வண்ணப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தே வயிறு வளர்த்தவன் நான். அது உன் மேசையில் எடுத்த படமன்று, கடைக்காரர்கள் விளம்பரத்துக்கு எடுத்தது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பன்னின் மேல் ஓர் எள்கூட மற்றொன்றின் மேல் ஏறாமல் இடைவெளி விட்டு அமர்ந்திருந்தது. சீஸின் ஒரு முனை மட்டும் அளவாக உருகி வழிந்தது. தக்காளி, வெங்காயம், வெள்ளரித் துண்டு எல்லாமே முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்தன. எண்ணெய் ஊறிய காகிதம் இல்லை, உன் கையின் நிழல் இல்லை, அடியில் ஒரு மேசைகூட இல்லை.

ஏன் அதை அனுப்பினாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட படம் எவ்வாறு உருவாகிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் இருப்பதும் கடையில் கிடைப்பதும் ஏன் வேறுவேறாக இருக்கின்றன என்று கனடாவில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு, மெக்டொனால்ட்ஸ் நிறுவனமே 2012 இல் ஒரு வீடியோவில் பதில் சொன்னது. கடையில் வாங்கிய பர்கர் ஒன்றிரண்டு நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. படத்துக்கான பர்கரை ஸ்டுடியோவில் ஒருவர் மணிக்கணக்காக அடுக்கினார். சாஸை ஊசிக்குழாயில் எடுத்து, கேமரா பார்க்கும் விளிம்பில் மட்டும் சொட்டுச் சொட்டாக வைத்தார். காய்த் துண்டுகளை முன்பக்கமாகவே நகர்த்தினார். பன்னில் மிச்சமிருந்த குழிகளையும் கீறல்களையும் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். கடையில் வாங்கியதோ சூட்டோடு அட்டைப்பெட்டிக்குள் மூடப்படுவதால், தன் ஆவியிலேயே பன் சற்றுச் சுருங்கிவிடுகிறதாம். பொருள்கள் இரண்டிலும் ஒன்றே என்றார்கள், நான் நம்புகிறேன். வெளிப்படையாகச் சொன்னதற்காக மெச்சவும் செய்கிறேன். ஆனால் அந்த வீடியோவும் ஒரு விளம்பரம்தான் என்பதை மறந்துவிடாதே.

எல்லாரும் அவ்வளவு நியாயமாக நடந்துகொண்டதில்லை. இறைச்சி முழுதாக வெந்தால் நீரும் கொழுப்பும் வெளியேறி அளவு சுருங்கிவிடும் என்பதால், மேற்புறத்தை மட்டும் வாட்டிவிட்டு, உள்ளே பச்சையாகவே விட்டு, பழுப்பு நிறத்தைத் தூரிகையால் பூசுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அடுக்குகள் சரியாமல் இருக்க இடையில் அட்டைத் துண்டு வைப்பார்கள், பின்னாலிருந்து பல்குச்சி குத்துவார்கள். தானிய அவல் ஊறிப் போகாமலிருக்கப் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசையை ஊற்றியதும், விளக்குச் சூட்டில் உருகாதிருக்க ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கை உருட்டி வைத்ததும் உண்டு. அப்படி எடுத்த பல படங்களில் உள்ளதை ஒரு வாய்கூட உண்ண முடியாது. ஒரு வாய்கூட, அம்மா!

அமெரிக்காவில் காம்ப்பெல் நிறுவனம், சூப்புக் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டு, காய்கறிகள் மூழ்காமல் மேலே தெரியும்படி விளம்பரம் எடுத்திருந்தது. அந்நாட்டு வணிக ஆணையம் தலையிட்ட பிறகு, 1970 இல் அதைக் கைவிட ஒப்புக்கொண்டது. சூப்பு அவர்கள் விற்ற சூப்புதான், காயும் அதில் உள்ள காய்தான். நிறைய இருப்பதாகப் பார்ப்பவரை எண்ண வைத்ததுதான் குற்றமாகப் பட்டது. இந்த வழக்கைப் பற்றி நான் அதிக நேரம் யோசித்தேன்.

பிரிட்டனில் 2010 இல் விளம்பரத் தர ஆணையத்தார் பர்கர் கிங்கின் ஒரு கோழி பர்கரை மூன்று வாங்கி விளம்பரத்தோடு ஒப்பிட்டார்கள். உயரமும் பருமனும் படத்தில் கண்டதைவிட மிகவும் குறைவாக இருந்ததால், அந்த விளம்பரத்தை மீண்டும் ஒளிபரப்பக்கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். அமெரிக்காவிலோ 2023 இல் ஒரே மாதிரியான புகாருக்கு இரண்டு விதமான முடிவுகள் வந்தன. பர்கர் கிங் மீதான வழக்கின் ஒரு பகுதியை மேலே நடத்தலாம் என்றது ஃபுளோரிடா நீதிமன்றம்; மெக்டொனால்ட்ஸ், வெண்டீஸ் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தது நியூயார்க் நீதிமன்றம். சொன்ன எடையில் இறைச்சி இருந்தால் சட்டத்துக்குப் போதும்போலிருக்கிறது. பெற்றவர்களுக்கு அது போதாது.

சிறு வயதில் பிஸ்கட் உறையின் மேல் அச்சான படத்தையும் உள்ளே இருந்ததையும் பக்கத்தில் வைத்து, முந்திரி எங்கே என்று கடைக்காரரையே மடக்கியவள் நீ. உன் சித்தப்பா அதை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பெண், கேட்ட கேள்விக்கு விளம்பரப் படத்தை எடுத்து நீட்டலாமா? அதுவும் அம்மாவிடம்? அவள் நம்பிவிடுவாள் என்பது உனக்குத் தெரியும்.

சென்ற வீடியோ அழைப்பில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது. நான் வாயெடுப்பதற்குள் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாய். உன் வேலை விஷயமாக அதே சித்தப்பா ஏதோ சொன்னார். அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை, உன்னிடம் கேட்கவும் மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. பர்கராகவே இருந்தாலும் சரி, அதை நான் குறை சொல்லவில்லை. நசுங்கிப்போய், இலை வாடி, சாஸ் ஒரு பக்கமாக ஒழுகி, பாதி பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தாலும், அதை ஒருவர் உண்ண முடியும். சூடாக இருக்கும்போதே சாப்பிடு. எதைச் சாப்பிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

இனிப் படம் அனுப்புவதானால் இரண்டு வாய் கடித்த பிறகு எடுத்து அனுப்பு. அம்மாவுக்கு வேண்டாம், என் எண்ணுக்கு அனுப்பினால் போதும். அன்று சாப்பிடவில்லை என்றால், சாப்பிடவில்லை என்று எழுது. காரணம் எழுத வேண்டியதில்லை, நான் அவளிடம் சொல்லவும் மாட்டேன். உன் பழைய வங்கிக் கணக்கு மூடப்படவில்லை அல்லவா? அதில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத நேரமில்லாவிட்டாலும், பணம் வந்துவிட்டது என்று மட்டுமாவது தெரிவி.

அன்புடன்,
அப்பா