2013இல் நீ அனுப்பிய கட்டுரை

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெசி,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். ராணி அக்கா வீட்டை விற்றுவிட்டு மகனோடு திருப்பூருக்கே போய்விட்டார். எஸ்தர் மிஸ் போன மாதம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "இன்னும் ரெக்கார்டு நோட்டைக் கடைசி நாளில்தான் எழுதுகிறாயா?" என்று கேட்டார். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். ஏழு மாதமாக உன் குரல்செய்திகளுக்கெல்லாம் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டியதற்கு நீ என்னைத் திட்டலாம். ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருப்பதால் திட்டுவதைச் சற்றுத் தள்ளிவை.

2013 நவம்பரில் நீ எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாய். "ஏட்டி கோமு, இதை மட்டுமாவது படி" என்று ஒரே வரி; கூடவே ஒரு பிடிஎஃப். அஞ்சலைத் திறந்திருக்கிறேன், பிடிஎஃப்பைத் திறக்கவில்லை. போன மாதம்தான் திறந்தேன். அதுவும் நானாகத் தேடிப் போய்த் திறந்ததில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சித்திரையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் நடத்தைப் பயிற்சிக்காக என் சென்டருக்கு வந்து சேர்ந்தான். சாமி என்று வைத்துக்கொள். பேச்சு மிகக் குறைவு. எழுதும் தாளை மேசையில் வைத்த மாத்திரத்தில் வலது உள்ளங்கையால் தன் காதிலேயே அறைந்துகொள்வான். எதற்காக அறைகிறான் என்று முறைப்படி பார்த்தேன்: கவனத்துக்காக இல்லை, பொருளுக்காகவும் இல்லை, வேலையிலிருந்து தப்பிப்பதற்காகத்தான். அதில் தவறு செய்யவில்லை. ஓய்வு கேட்க ஓர் அட்டையை நீட்டக் கற்றுக்கொடுத்தேன். அதிலும் தவறில்லை, கார் என்பவரும் டூரண்ட் என்பவரும் 1985இலேயே காட்டிய வழி அது. அதோடு நிறுத்திக்கொள்ளாமல், நமக்குச் சொல்லித்தந்த அந்த மற்றொரு பாதியையும் சேர்த்துக்கொண்டேன்: அறைந்தால் வேலை நிற்காது, அவன் கைமேல் என் கையை வைத்து எழுத்தை முடிக்கவைப்பேன். எஸ்கேப் எக்ஸ்டிங்ஷன், அதாவது அறைந்து தப்பிக்கும் வழியை அடைத்துவிடுவது. முதல் மூன்று நாளும் அறைவது கூடிக்கொண்டே போனது. "கூடத்தான் செய்யும், பிறகு தானாக விழும்" என்று நம் பழைய மனப்பாடத்தைச் சங்கரியிடம் ஒப்பித்தேன். நான்காம் நாள் அவன் காதுமடல் வீங்கியிருந்தது. என் மணிக்கட்டில் அவன் நகக்கீறல். அவன் அம்மா கதவருகே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் சங்கரி கேட்டாள்: "மேடம், பிடித்து வைக்காமலே இதைக் குறைக்க முடியாதா? யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?" சேர்ந்து எட்டு மாதம் ஆன பெண். நான் யோசிக்கவே இல்லை. அறைவதற்குப் பலன் கிடைத்துக்கொண்டே இருந்தால் அது எப்படியம்மா குறையும், அடிப்படையே அதுதானே என்று, எஸ்தர் மிஸ் வகுப்பில் சோதனைப் புறாக்களைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் அச்செடுத்து என் மேசையில் வைத்த கட்டுரை ஏதென்ஸும் வோல்மரும் எழுதியது. ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ், 2010. வளர்ச்சிக் குறைபாடுள்ள ஏழு குழந்தைகள். தொல்லை தரும் நடத்தைக்குப் பலன் கிடைப்பதை அவர்கள் நிறுத்தவே இல்லை. அறைந்தாலும் ஓய்வு உண்டு. ஆனால் முறையாகக் கேட்டால் அந்த ஓய்வு இன்னும் நீளமாக, அல்லது இன்னும் சுவையாக, அல்லது இன்னும் விரைவாகக் கிடைக்கும்படி தராசைச் சாய்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தபோதே பலமுறை பலன் தெரிந்தது. ஒன்றாகச் சேர்த்தபோது மாற்றம் மிகப் பெரியதாகவும் உறுதியாகவும் இருந்தது. யாருடைய கையையும் யாரும் பிடிக்கத் தேவையில்லை. நான் முடியாது என்று அடித்துச் சொன்ன காரியம், நான் சென்டருக்குப் பெயர்ப்பலகை மாட்டிய அதே ஆண்டில் அச்சேறியிருக்கிறது.

நன்றாக இருக்கிறதே, ஜெசிக்கு அனுப்புவோம் என்று நினைத்து, உன் முகவரிக்காக அஞ்சல்பெட்டியில் தேடினேன். தேடும் பெட்டியில் கட்டுரையின் தலைப்பை ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது. ஒரே ஒரு முடிவு வந்தது. 2013. நீ.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டு என் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. நம் தொழிலில் ஆய்விதழ் படிக்காததற்கு நான் வழக்கமாகச் சொல்லும் காரணம் என்ன என்று உனக்கே தெரியும்: ஒரு கட்டுரைக்கு நாற்பது டாலர் யார் தருவது? அந்தச் சாக்கும் போய்விட்டது. அந்த ஆய்விதழின் 1968 முதல் 2012 வரையிலான இதழ்கள் அத்தனையும் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. பேயர், உல்ஃப், ரிஸ்லி மூவரும் முதல் தொகுதியில் எழுதிய கட்டுரை, தேர்வுக்காக நம் துறையின் ஏழு அம்சங்களை உருப்போட்டோமே, அதுவும் அங்கேதான் இருக்கிறது. அதன் மூலத்தை நாம் இருவருமே அப்போது படித்ததில்லை என்பதை எஸ்தர் மிஸ்ஸிடம் சொல்லிவிடாதே.

சாமி விஷயத்தை முடித்துவிடுகிறேன். அறைந்தால் பத்து வினாடி தாள் விலகும். அட்டையை நீட்டினால் இரண்டு நிமிடம், கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டியின் மூடி. அந்த மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது வேகம் குறைந்து தடதடவென்று படியும்வரை கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்ப்பதுதான் அவனுக்கு உலகத்திலேயே பெரிய இன்பம். முதல் நாள் ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் நாள் வலது கை காதுவரை போய், நின்று, திரும்பி வந்து அட்டையை எடுத்தது. அந்தக் கை நின்ற இடம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மூன்று வாரத்தில் வரைபடக் கோடு நன்றாகவே இறங்கியது. போன வாரம் காய்ச்சலுக்குப் பிறகு வந்தபோது இரண்டு நாள் மறுபடி ஏறியது. அற்புதம் என்றெல்லாம் சொல்லவில்லை. அவன் காதுமடல் ஆறிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது என்னை அரிப்பது வேறு. நடத்தையை அதன் விளைவுதான் வளர்க்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான், என் படிப்புக்கு என்ன விளைவு இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. படித்தால் எதுவும் கிடைப்பதில்லை. படிக்காவிட்டால் எதுவும் போவதில்லை. பெற்றோர் கேட்பதில்லை, கட்டணம் குறைவதில்லை. உனக்கு அங்கே இரண்டு ஆண்டுக்கு முப்பத்திரண்டு தொடர்கல்வி மணிகள் சேர்த்தால்தான் சான்றிதழ் நிற்கும்; போதாக்குறைக்கு 2024 ஜூலையிலிருந்து ஒன்டாரியோவில் உங்கள் தொழிலையே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நீ அலுத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்கும் அந்த இணைய வகுப்புகளைப் பற்றி நான் செய்த கேலியை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சங்கரியின் நிலையைப் பார். உனக்குச் சான்றிதழ் தந்த அந்த அமெரிக்க வாரியம் 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டிலிருந்து புது விண்ணப்பங்களை எடுப்பதில்லை. வேறு அமைப்புகளின் சான்றிதழ்கள் இருக்கின்றன, அவள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் இவளைப் போன்றவர்களைப் படி என்று வெளியிலிருந்து தள்ளும் கை ஒன்று குறைந்துவிட்டது. தள்ளாமலே படிக்கிறாள் என்பது என் அதிர்ஷ்டம், அவளுடைய சம்பளத்தைப் பார்த்தால் அநியாயமும்கூட.

இதைப் பற்றியே ஒரு கட்டுரை இருக்கிறது, தெரியுமா? காரும் பிரிக்ஸும் எழுதியது (1985இன் கார் வேறு, இவர் வேறு). தொழில் செய்பவர்கள் ஆய்வைத் தொடர்ந்து படிக்க முடியாமல் போவதற்கு மூன்று தடைகள் என்கிறார்கள்: தேடத் தெரியாதது, கட்டுரை கைக்கு எட்டாதது, புதிதாக வருவதோடு தொடர்பு விட்டுப்போவது. அதுவும் 2010! அந்த ஆண்டில் நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சுவருக்கு எந்த மஞ்சள் அடிப்பது என்று பெயின்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னபடி நான்கு ஆய்விதழ்களின் உள்ளடக்கப் பக்கம் அஞ்சலில் வரும்படி இப்போது பதிந்து வைத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லாத நான்காவது தடை ஒன்று எனக்கு இருந்தது, ஜெசி: படித்தால் நேற்றுவரை செய்தது தவறு என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். உன் பிடிஎஃப்பை நான் திறக்காததற்கு நேரமின்மை காரணமில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு வாசிப்புக் கூட்டம் தொடங்கியிருக்கிறோம். சங்கரி, ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர், சிறப்புப் பள்ளி ஆசிரியர் ஒருவர், நான், சுக்குக் காப்பி. ஒரு வாரத்துக்கு ஒரே கட்டுரை, ஒருவர் மட்டும் முழுதாகப் படித்துவர வேண்டும். அறிமுகத்தையும் முடிவுரையையும் தொடுவதில்லை. நேரே வரைபடத்துக்குப் போய், குழந்தை குழந்தையாகக் கோட்டைப் பார்க்கிறோம்: தொடக்க நிலை எத்தனை நாள், எங்கே மாற்றினார்கள், மாற்றியபோதுதான் கோடு மாறியதா, அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டதா. நம் துறையின் நல்ல குணம் இது ஒன்றுதான். சராசரிக்குள் குழந்தையை ஒளித்துவைக்க முடியாது. மொழிதான் பாடாய்ப் படுத்துகிறது. ஒரு தாயிடம் சங்கரி சுத்தத் தமிழில் "வலுவூட்டல் கொடுக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறாள்; நல்ல நடத்தைக்குப் பலன் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவள் சொல்லவந்தது. அவர் மறுநாள் சத்துமாவு டப்பாவோடு வந்து நின்றார்.

மூன்றாம் சனிக்கிழமை என் முறை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய லோவாஸின் 1987 ஆய்வை எடுத்தேன். எதற்கு என்று நீ ஊகித்திருப்பாய். நம் நோட்டீசில் நாற்பத்தேழு சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேனே, அது அங்கிருந்து வந்தது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் பயிற்சி பெற்ற பத்தொன்பது குழந்தைகளில் ஒன்பது பேர் இயல்பான அறிவுத்திறனை எட்டி, வழக்கமான பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள் என்பது கணக்கு. எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. பயிற்சியாளர் கிடைப்பதை வைத்துப் பிரித்தார்கள். உரத்த "நோ"வும் தொடையில் அடியும் அந்தச் சிகிச்சையின் பகுதியாகவே இருந்தன. இதையெல்லாம் அறிந்தே நோட்டீஸ் போட்டேனா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் கேட்டார். இல்லை என்றேன், வேறொரு சென்டரின் நோட்டீசைப் பார்த்துப் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் சங்கரி 2020இல் சேண்ட்பேங்க் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வைக் கொண்டுவந்தாள்: நூற்றைம்பது அறிக்கைகள், 6,240 குழந்தைகள். சமவாய்ப்பு முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், விளையாட்டோடும் வளர்ச்சிப் படிகளோடும் கலந்து கற்பிக்கும் முறைகளுக்கே நற்பலன் எஞ்சுகிறது. நம்முடைய பழைய மேசை நாற்காலி முறை அந்தப் பட்டியலில் இல்லை. அளப்பவருக்கு எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரிந்திருக்கும் ஆபத்து உள்ளவற்றையும் கழித்துவிட்டால், எந்த முறைக்குமே எதுவும் எஞ்சவில்லை. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நம்மவர்கள் இதற்குச் சொல்லும் பதில் எனக்கும் தெரியும்: ஒற்றைக் குழந்தை ஆய்வுகளை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. நியாயமான பதில்தான். ஆனால் அந்தப் பதிலை நோட்டீசில் அச்சடித்து முப்பதாயிரம் ரூபாய் வாங்க முடியாது. மிச்சமிருந்த நோட்டீஸ்கள் இப்போது மறுபக்கம் சங்கரியின் கணக்குத் தாளாக ஓடுகின்றன.

ஒன்று சொல்கிறேன், இதற்கு ஆறுதல் எழுதிவிடாதே. நம் முதல் பேட்ச் குழந்தைகளில் ஒரு பையன் இருந்தானே, கைகளைப் பறவை போல் அடித்துக்கொள்வான், "கை கீழே" என்று சொல்லிச் சொல்லி மடியில் வைக்கப் பழக்கினேன், அந்த வரைபடத்தை உனக்குக்கூடப் பெருமையாக அனுப்பினேன். இப்போது மீசை முளைத்துவிட்டது. சென்ற வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு பேக்கரியில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். ஏதோ மகிழ்ச்சியில் கைகள் மேலே பறந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்தான். இரண்டு கைகளும் மடிக்கு வந்துவிட்டன. அப்பா என்னிடம், "பார்த்தீர்களா, இன்னும் மறக்கவில்லை" என்று நன்றியோடு சொன்னார். நான் வாங்கவந்ததை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

உன்னிடம் கேட்க வேண்டியவை இரண்டு. 2022இல் ராஜாராமன், ஹேன்லி முதலியோர் வெளியிட்டதாகச் சங்கரி சொல்லும் ஆய்வு முறை: பயிற்சி செய்வதா, சும்மா இருந்து விளையாடுவதா, வெளியே போவதா என்று குழந்தையையே ஒவ்வொரு கணமும் தேர்ந்தெடுக்கவிடுகிறார்களாமே, அதை நீ நேரில் செய்து பார்த்திருக்கிறாயா? வெளியே போவதையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும் குழந்தையின் பெற்றோரிடம் கட்டணத்துக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்? தாளில் இல்லாத பதில் வேண்டும்.

இரண்டாவது, சனிக்கிழமைக் கூட்டத்தில் நீயும் திரையில் வா. நம் நான்கு மணி உனக்கு விடியற்காலை ஆறரை என்பதால், உனக்காக மாலை ஆறரைக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் காலை ஒன்பது. வருகிற வாரம் உன் 2013 கட்டுரைதான். படித்துவர வேண்டிய முறை உன்னுடையது. நான் ஏற்கெனவே படித்துவிட்டேன்.

அன்புடன்,
கோமு