பெரியவர்களுக்கான ஏ.டி.வி. என்று சொல்லி என் மனைவிக்குச் சிறுவர் வண்டியை விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
காப்பித் தோட்ட உரிமையாளர்,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.
(பெயர், கைபேசி எண், பில் எண் ஆகியவை இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: 125 சி.சி. ஏ.டி.வி.யைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த விஷயத்தை உங்கள் கஸ்டமர் கேரிலும் வாட்ஸ்அப்பிலும் ஷோரூமிலும் சர்வீஸ் சென்டர் வாசலிலும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "என்ன பிராப்ளம் சார்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். எழுத்தில் கொடுத்தால் ஒருவராவது முழுதாகப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

எங்கள் திருமண வெள்ளி விழாவுக்கு என் மனைவிக்கு ஒரு ஏ.டி.வி. (கரடுமுரடான பாதையில் ஓடுகிற, பைக் மாதிரி ஹேண்டில் வைத்த நான்கு சக்கர வண்டி) வாங்கிக் கொடுக்க நினைத்தேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். காப்பியும் மிளகும் மலைவாழையும் கலந்த சரிவு நிலம். மேல் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டு போக வேண்டும், மாலையில் எடை போடப் போக வேண்டும். கார் போகாத பாதை. மூட்டைகளைக் குதிரைக்காரர்கள் ஏற்றிவிடுவார்கள். மனிதர் ஏற வேண்டுமே! அவருக்கு முழங்கால் வலி வேறு. இதையெல்லாம் உங்கள் ஷோரூமில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். மனைவியின் எடையையும் சொன்னேன். அதை இங்கே எழுத விருப்பமில்லை, உங்கள் என்கொயரி படிவத்திலேயே இருக்கிறது. இதுவரை அவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டுமே ஓட்டியவர், நான்கு சக்கர வண்டியில் இதுதான் முதல் என்றும் சொன்னேன்.

உங்கள் விற்பனைப் பிரதிநிதி படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மேடத்துக்கு இதுதான் சார் கரெக்ட், லேடீஸுக்குன்னே வந்த மாடல்" என்று இந்த 125 சி.சி. வண்டியைக் காட்டினார். விலை ரூ. 1,85,000. அதற்கு மேல் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ரூ. 9,500. எதை ஹேண்டில் செய்தீர்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வண்டியைத் தயாரித்து விற்கிறவர்கள் நீங்கள். அதில் யார் உட்காரலாம், எங்கே ஓட்டலாம் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நான் காப்பி விற்கிறவன். என்னிடம் வாங்குகிறவர் அது அராபிகாவா ரொபஸ்டாவா என்று கேட்டால், "வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்" என்று நான் சொல்வதில்லை.

வண்டி வந்த அன்றே சரியில்லை. டெலிவரிக்கு வந்த பையன் கொடுத்த பயிற்சி மொத்தமும் இதுதான்: "பைக் மாதிரிதான் மேடம், ஆக்சிலரேட்டரைத் திருகாம கட்டைவிரலால அமுக்கணும், அவ்வளவுதான்." பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும், அதனால் திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாய்த்தால்தான் வண்டி திரும்பும் என்று அவன் சொல்லவில்லை. முதல் வளைவிலேயே வண்டி நேராகப் போய் சில்வர் ஓக் மரத்தில் முட்டியது. நல்லவேளை, வேகமில்லை.

அப்புறம் டயர். கல் பாதையில் வண்டி பந்தாகத் துள்ளியது. டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் 5 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கிறது. உங்கள் ஆட்கள் காருக்கு அடிப்பது போல 30 அடித்து அனுப்பியிருந்தார்கள். இந்த டயர்கள் குறைந்த காற்றில் தரையோடு அமுங்கி ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை என்பதை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. வத்தலக்குண்டு பஞ்சர் கடை மீட்டரில் 5 என்பது ஊசி அசைவதற்கு முன்பே முடிந்துவிடும். அதற்கென்று தனி மீட்டர் தேடி வாங்கினேன்.

காற்றைச் சரிசெய்த பிறகும் மேட்டில் என்ஜின் திணறியது, செயின் கழன்றது. இதையெல்லாம்விட முக்கியம், ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அதன் முனை என் மனைவியின் முழங்காலில் இடித்தது. வலியுள்ள அதே முழங்காலில். போன் செய்தால் "பழகிடும் சார்" என்றார்கள்.

சரி, கோவைக்குக் கொண்டு போனதைச் சொல்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. கொண்டு வாருங்கள், சர்வீஸ் மேனேஜரே பார்ப்பார் என்று உங்கள் வாட்ஸ்அப்பில் பதில் வந்தது (நகல் இணைப்பில்). குட்டியானை பிடித்து, வண்டியை ஏற்றி, கயிறு கட்டி, விடியுமுன் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கோவைக்கு வந்தோம். கேட்டில் செக்யூரிட்டி, "மேனேஜர் லீவு, அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ள விட மாட்டோம்" என்றார். வாட்ஸ்அப்பைக் காட்டினால், "அது ஹெட் ஆபீஸ் நம்பர் சார், எங்களுக்குத் தெரியாது" என்றார். வெயிலில் வாசலில் நின்றோம். மதியத்துக்கு மேல் வண்டியை உள்ளே எடுத்துப் போய், சாயங்காலம் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்றேன். பில்லை நீட்டினார்கள். வாட்டர் வாஷ், ரூ. 650. மேட்டில் ஏறாத வண்டியைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறீர்கள்! கூடவே "ஜெனரல் செக்கப் ஓகே" என்று ஒரு முத்திரை.

ஆனால் உங்களுக்கு நான் கொடுத்த பணத்தில் வீண் போகாதது அந்த 650 ரூபாய்தான். தண்ணீர் பீய்ச்சியதில் பின் மட்கார்டில் ஒட்டியிருந்த பெரிய புலி ஸ்டிக்கரின் ஓரம் எழும்பி நின்றது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதை நகத்தால் உரித்தார். அடியில் மஞ்சள் நிறத்தில் இன்னொரு ஸ்டிக்கர். தயாரிப்பிலேயே ஒட்டிய எச்சரிக்கை. அதில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்: 12 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கான வண்டி. பெரியவர் மேற்பார்வை தேவை. அதிகபட்ச எடை 65 கிலோ. ஓட்டுபவர் ஒருவர் மட்டுமே, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. புகைப்படம் இணைத்துள்ளேன். புலியின் வால் பாதி உரிந்து தொங்குவதும் அதில் தெரியும்.

உங்கள் விளம்பரத் தாளில் கணவன் மனைவி போல இருவர் இதே வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது அந்த ஸ்டிக்கரைக் காட்டினீர்களா?

பொதுச் சாலை என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் மேல் தோட்டத்துக்கும் கீழ்த் தோட்டத்துக்கும் நடுவே பஞ்சாயத்து ரோடு போகிறது. அதைக் கடக்காமல் முடியாது. அதனால் பதிவு செய்ய முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டேன். "டிராக்டர் மாதிரி விவசாயத்துக்குன்னு பண்ணிடலாம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்ற பதிலும் வாட்ஸ்அப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று), வகை ஒப்புதல் சான்று கேட்டார்கள். உங்களிடம் கேட்டால் "அது ஆஃப்-ரோடு வண்டி சார், ஆர்.சி. வராது, வாங்கறப்பவே விசாரிச்சிருக்கணும்" என்கிறீர்கள். விசாரித்ததற்குத்தானே நீங்கள் அந்தப் பதில் கொடுத்தீர்கள்! பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி குற்றம். சொந்தத் தோட்டத்துக்குப் போக என் மனைவி சட்டத்தை மீற வேண்டுமா?

இனி, இந்தக் கடிதத்தை எழுதவே வைத்த விஷயம். ஸ்டிக்கரைப் பார்த்த மறுநாள் கஸ்டமர் கேருக்கு அழைத்தேன். பலமுறை லைன் மாற்றிய பிறகு மேற்பார்வையாளர் என்று ஒருவர் வந்தார். 65 கிலோ என்று போட்டிருக்கிறதே, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அப்ப மேடத்தைக் கொஞ்சம் வெயிட் குறைக்கச் சொல்லுங்க சார்" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. காய வைத்த காப்பியைக் கிளறிக்கொண்டிருந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டார். நான் கத்தியதும் அந்த ஆள் லைனைத் துண்டித்துவிட்டார். திரும்ப அழைத்தால், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று குறுஞ்செய்தி வருகிறது. எந்தப் புகார் தீர்ந்தது? யாருக்குத் தீர்ந்தது?

அன்றிலிருந்து அவர் அந்த வண்டிப் பக்கமே போவதில்லை. முழங்கால் வலியோடு மேட்டில் நடக்கிறார். "அதைக் கொடுத்துட்டு வாங்க, எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். திருமண நாள் பரிசைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். வருகிற உறவினர் எல்லாம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு "பேரனுக்கு வாங்கினதா?" என்று கேட்கிறார்கள். எங்களுக்கு இன்னும் பேரன் இல்லை.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. சரிவு நிலத்தில் வேலைக்கு ஓட்டப் பெரியவர்களுக்கான அளவில், நான்கு சக்கரத்துக்கும் இழுவை கிடைக்கிற, இறக்கத்தில் என்ஜினே பிடித்து இறக்குகிற வண்டி வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. "எங்களிடம் அது இல்லை, வேறு இடத்தில் பாருங்கள்" என்று உங்கள் ஆள் சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். ஊரில் நாலு பேரிடம் உங்களைப் பற்றி நல்லதாகவும் சொல்லியிருப்பேன். இப்போதும் தாங்கள் தலையிட்டு முடித்துவைத்தால் நன்றியோடு விலகிக்கொள்கிறேன்.

முடிக்கவில்லை என்றால் நான் விடுவதாக இல்லை. எச்சரிக்கையை மறைத்து விற்றதும், இருவர் போகலாம் என்று படம் போட்டதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் வரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அடுத்து திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். உங்கள் பில்லின் அடியில் 'கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதைக் காட்டி என்னைப் பயமுறுத்த வேண்டாம். அந்த நுகர்வோர் சட்டத்தின் 34-வது பிரிவு, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. அங்கே இதோடு நிற்க மாட்டேன். இந்தக் காப்பிப் பருவமே உங்களால் கெட்டது. மேற்பார்வை இல்லாமல் பழம் உதிர்ந்தும், திருட்டுப் போயும், காட்டுமாடு மிதித்தும் போனதெல்லாம் சேர்த்து என் கணக்கில் 6 லட்சம். மன உளைச்சலுக்கு 5 லட்சம். அதையும் கேட்பேன்.

அதற்கு முன் நான் கேட்பது இவ்வளவுதான். வண்டி விலையும் ஹேண்ட்லிங் சார்ஜும் குட்டியானை வாடகையும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வண்டியை உங்கள் செலவில் தாண்டிக்குடிக்கு வந்து எடுத்துப் போக வேண்டும். நான் இன்னொரு முறை கோவைக்கு இறங்க மாட்டேன். அந்த மேற்பார்வையாளர் என் மனைவியிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நிறுவனத்தின் பொதுவான வருத்தக் கடிதம் வேண்டாம், அவர் கையெழுத்தோடு வேண்டும். பணம் முதலில் வந்து இது வராவிட்டாலும் புகார் முடிந்ததாகக் கருத மாட்டேன். அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும், "தரம் உயர்த்துவதற்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று நீங்களேதான் சொல்கிறீர்கள். ஆள் யார் என்று கண்டுபிடிப்பது சிரமமில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உண்மையுள்ள,
(கையொப்பம்)

பி.கு.: பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பவும். தயவுசெய்து போன் செய்ய வேண்டாம்.