பாசிக்குள் விரால்: தூண்டில் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மூத்தோரே, இளையோரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன, விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பியாயிற்று, அதற்கு மேல் இங்கே சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

இந்த ஆண்டு சங்கத்தில் நடந்த பேச்சில் முக்கால் பங்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்தது. அல்லியும் ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் மண்டிக் கிடக்கும் நீரில் விராலுக்கு எந்தத் தூண்டில் நரம்பு, எந்தக் கோல், இரையாகக் கட்ட எந்த ரப்பர் தவளை என்பதுதான் அது. பயிற்சி வகுப்புகளில் வந்த கேள்விகளில் மிகுதியானவை ரப்பர் தவளையின் நிறத்தைப் பற்றியவை. நரம்பைப் பற்றி வாய் திறந்தவர்கள் சிலரே. பெட்டி நிறையத் தவளை வாங்கிவிட்டு, ரீலில் பழைய தங்கூசியை, அதாவது நைலான் நரம்பை, சுற்றிக்கொண்டு கரைக்கு வருகிறார்கள். இந்த வரிசை தலைகீழ் என்பது செயற்குழுவின் கருத்து, என் கருத்தும் அதுவே. முதலில் நரம்பு, அடுத்து கோல், தவளை கடைசியில்.

காரணம் விராலின் உடலமைப்பிலேயே இருக்கிறது. செவுளை மட்டும் நம்பி வாழ்கிற மீன் அல்ல அது. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றிலிருந்து மூச்சு எடுக்க உதவும் அறை ஒன்று அதற்கு உண்டு. வளர்ந்த விரால் அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தூண்டில் முள் ஏறியதும் அது முதலில் செய்வது பாசிக்கு அடியில் பாய்ந்து தண்டுகளைச் சுற்றிக்கொள்வது. அங்கே நரம்பு அறுந்தால், ‘தப்பித்துவிட்டது’ என்று கரையில் நின்று சொல்கிறோம். அறுந்த துண்டோடு தண்டில் கட்டுண்டு கிடக்கும் மீனை எப்படித் தப்பித்தது என்று சொல்வது? மெல்லிய நரம்பில் பிடிப்பதே திறமை, மீனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் வாதாடிய நண்பர்களின் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. திறந்த நீரில் அவர்கள் வாதம் நிற்கும். பாசிக்குள் நிற்காது.

இன்று நம் கையில் இருக்கும் கருவிகளில் பல, வட அமெரிக்காவின் பெருவாய் பாஸ் மீனுக்காக வளர்ந்தவை. அதுவும் இலைக்கூரையின் கீழ் பதுங்கியிருந்து, மேலே அசைவதைப் பாய்ந்து கவ்வும் மீன். ஆகவே அவர்கள் கற்ற பாடம் நமக்கும் பெரிதும் உதவுகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. பாஸ் வாயைத் திறந்தால் முகமே வாயாகிவிடும். இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். விராலின் வாய் அத்தனை அகலம் விரியாது. தாடை எலும்பு கெட்டி, பல்லும் உண்டு. பாஸுக்கென்று செய்த பெரிய தவளையை நடுத்தர விரால் ஆவேசமாக அடிக்கும், முள்ளோ வாய்க்குள் போயிருக்காது. இழுத்தால் தவளை மட்டும் பறந்து வந்து நம் நெற்றியில் விழும். இந்த ஆண்டு பலருடைய முறையீடு இதுதான். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய தவளைக்கு மாறுங்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை.

நரம்புக்கு வருகிறேன். தங்கூசி என்று நாம் அழைக்கும் நைலான் நரம்பு பாரம் ஏற ஏற நீளும். அறுபடும் கட்டத்துக்குள் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ நீண்டுவிடும். தொலைவில் மீன் அடிக்கும்போது நாம் வெட்டி இழுக்கும் விசையின் பெரும்பகுதி அந்த நீட்சியிலேயே போய்விடுகிறது. கெட்டித் தாடையில் முள் இறங்க மிச்சம் இருப்பது போதாது. ஃபுளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு நீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மைதான். இலைமேல் கிடக்கும் நரம்பு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? அதன் அடர்த்தி தண்ணீரைவிட ஒன்றே முக்கால் மடங்கு. இலை இடைவெளிகளில் அது மூழ்கி, மிதக்கும் தவளையின் மூக்கையும் கீழே இழுக்கும். மேல்நீர்த் தவளைக்கு அது ஆகாது.

மிஞ்சுவது பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு. பாலிஎத்திலீன் இழைகளால் பின்னப்பட்டது. நீட்சி மிகக் குறைவு, தண்ணீரில் மிதக்கும். 50 பவுண்டு பாரம் தாங்கும் பிரெய்டின் தடிமன் ஏறத்தாழ 12 பவுண்டு தாங்கும் நைலானின் தடிமன்தான். அல்லித் தண்டு, வேலம்பாசி போன்ற மென்மையான செடிகளை இழுவிசையிலேயே அரிந்துகொண்டு வரும். அல்லியும் தாமரையும் உள்ள இடத்தில் 40 பவுண்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். ஆகாயத்தாமரை நெருங்கிய இடத்தில் 50 முதல் 65 வரை போகலாம். நான்கு இழைப் பின்னல் சற்றுச் சொரசொரப்பானது, செடியை நன்றாக அரியும். எட்டு இழை வழவழப்பானது. கோலின் வளையங்களில் ஓசையின்றி ஓடித் தூரம் போகும். பாசிக்கு நான் நான்கு இழையின் பக்கம். தலைவர் எட்டு இழையின் பக்கம். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்குவதைப் பற்றி ஒரு சொல். உறுப்பினர்கள் கொண்டுவந்த நரம்புகளை ஒரு மாலையில் தொங்கு தராசில் கட்டி இழுத்துப் பார்த்தோம். மலிவான சில நரம்புகள் பெட்டி சொன்ன எடைக்கு வெகு முன்பே கை விரித்தன. எந்தக் கடை, எந்தப் பெயர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. தராசு சங்கத்தில் இருக்கிறது, உங்கள் நரம்பை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். அன்று தெரிந்த இன்னொன்று, அறுந்தவற்றில் பல முடிச்சில்தான் அறுந்தன என்பது. பிரெய்டு வழுக்கும் நரம்பு. நைலானுக்குப் போடும் சாதாரண முடிச்சு அதில் நழுவும். நரம்பை மடித்து இரட்டையாக முள்ளின் வளையத்தில் நுழைத்துப் போடும் பாலோமர் முடிச்சு எளிது, பிடிப்பும் உறுதி. இறுக்குமுன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைக்க வேண்டும். பாசிக்குள் தலைநரம்பு, அதாவது பிரெய்டின் முனையில் வேறு நரம்புத் துண்டு, சேர்ப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. சேரும் இடத்து முடிச்சு ஒவ்வொரு தண்டிலும் போய் மாட்டும். நேரடியாகவே கட்டுங்கள். விராலின் பல் உரசிய கடைசி முழத்தை அவ்வப்போது வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்; வெட்டிய துண்டைக் கரையில் எறியாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரீலில் பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுழல்கிறது என்று புகார் சொன்னவர்கள், அடியில் சில சுற்று நைலான் சுற்றிவிட்டு மேலே பிரெய்டைச் சுற்றினால் போதும்.

கோல் ஆறரை முதல் ஏழேகால் அடி வரை இருக்கட்டும். கரையில் மரமும் புதரும் நெருங்கிய குளத்துக்கு ஆறரை, படகுக்கும் திறந்த கரைக்கும் ஏழு. அடிப்பாகமும் நடுப்பாகமும் விறைப்பாக இருக்க வேண்டும். நுனி மட்டும் சிறிது வளைய வேண்டும். அது வளையாவிட்டால் இலேசான தவளையை எறிய முடியாது. ‘ஹெவி’ (விறைப்பு மிகுந்தது) என்று எழுதியிருப்பதாலேயே வாங்கிய சில கோல்கள் நுனிவரை உலக்கையாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு 10 கிராம் தவளையைப் பக்கத்து அல்லிக்குக்கூட அனுப்ப முடியவில்லை. வாங்கும்போது உங்கள் தவளையையே கட்டி ஆட்டிப் பாருங்கள், எழுத்தைவிட அது உண்மை சொல்லும். கார்பன் கோல் இந்த ஆண்டு சிலருக்கு உடைந்தது. விசாரித்ததில் பெரும்பாலும் ஒரே கதை: மீன் காலடிக்கு வந்ததும் கோலை நெட்டுக்குத்தாக உயர்த்தி, அப்படியே கரைக்குத் தூக்கியிருக்கிறார்கள். அந்த நிலையில் பாரம் முழுதும் மெல்லிய நுனியில் விழும். நரம்பைக் கையில் பிடியுங்கள், இல்லையெனில் வலைக்கரண்டியை நீட்டுங்கள்.

ரீல் பற்றி நீண்ட சண்டை நடந்தது, அத்தனை சண்டைக்கு அதில் விஷயம் இல்லை. கோலின் மேல்புறம் அமர்ந்து உருளை சுழலும் பெய்ட்காஸ்டர் ரீல் பலமும் குறியும் தரும். பழகும்வரை நரம்புச் சிக்கலையும் தாராளமாகத் தரும். இலேசான தவளைக்கும் புதியவர்களுக்கும் கோலின் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல், 3000 அல்லது 4000 அளவில், போதும். எதுவானாலும் டிராகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் தடையை, நன்றாக இறுக்கி வையுங்கள். பாசியில் விராலுக்கு ஓட இடம் கொடுப்பது, தண்டில் கட்டிக்கொள்ளச் சொல்வதற்குச் சமம்.

இனித் தவளை. மூத்தவர்கள் உயிர்த் தவளையை முள்ளில் கோத்து, நீண்ட மூங்கில் கழியால் இலை இடுக்குகளில் தட்டித் தட்டி விளையாட்டுக் காட்டினார்கள். ரப்பர் தவளை செய்வதும் அதே வேலைதான். உயிர்த் தவளையைச் சங்கம் இப்போது ஏற்பதில்லை. வயல் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைந்ததைக் கண்டே 1987இல் தவளைக்கால் ஏற்றுமதிக்கு நாடு தடை போட்டது; நாம் அவற்றைக் கொத்தாகப் பிடித்து வாளியில் அடைப்பது அழகல்ல.

உள்ளே வெற்றிடமுள்ள மென்மையான தவளையில் இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கினால்தான் முள் வெளியே வரும். எனவே கடையில் விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்காத தவளையை அங்கேயே வைத்துவிடுங்கள். முள் நுனிகளை இடுக்கியால் இம்மியளவு வெளிப்புறம் திருப்பினால் பிடிப்பு கூடும். அதிகம் திருப்பினால் ஒவ்வோர் இலையிலும் மாட்டும். உள்ளே புகும் தண்ணீரை அவ்வப்போது பிழிந்துவிட வேண்டும்.

செடிக்குச் செடி வேலை மாறுகிறது. அல்லி இலை நீரோடு படிந்து கிடப்பதால் தவளை வழுக்கிக்கொண்டு போகும். இலை விளிம்பில் ஒரு நொடி நிறுத்தி, இடைவெளியில் மெல்ல விழவிடுங்கள், அடி பெரும்பாலும் அங்கேதான். தாமரை அப்படியல்ல. இலை நீருக்கு மேலே கம்பில் நிற்கும், கம்பில் முள்ளும் சொரசொரப்பும் உண்டு. குறுக்கே எறிந்தால் நரம்பு இலைகளின் மேல் தொங்கும். நிற்கும் இலைகளின் ஊடே தெரியும் சந்துகளை நோக்கி, குறுகிய தூரத்துக்கு எறிவதே வழி. வேலம்பாசி நீர்மட்டம்வரை எழும்பிப் படர்ந்திருந்தால், பின்னால் சிறு சுழல்தகடு வைத்த தவளை அதன் மேலே சலசலத்து வரும். மங்கலான நீரில் அந்த ஓசையைக் கேட்டே மீன் வரும். சம்பு, கோரை ஓரங்களில் விளிம்போடு இணையாக எறியுங்கள். ஆகாயத்தாமரையின் நடுப்பகுதியைப் பொறுத்தவரை, ஊதிய தண்டுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் இடத்தில் தவளை கீழே இறங்காது, விரால் மேலே வராது. எறிவது வீண். ஆனால் அது வேர் ஊன்றாத செடி. காற்று அதைக் கூட்டம் கூட்டமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நேற்று மூடியிருந்த இடத்தில் இன்று ஓடை திறந்திருக்கும். அந்த ஓரத்தில், விரால் காற்றுக் குடிக்க வந்து போன குமிழியைப் பார்த்துவிட்டு, அதற்கு அப்பால் எறிந்து அதன் மேலே கொண்டுவர வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்: கீழிருந்து வானத்தைப் பார்க்கும் மீனுக்கு முதலில் தெரிவது வயிற்றின் நிழலுருவம். கறுத்த வயிறு ஒன்றும் வெளிறிய வயிறு ஒன்றும் இருந்தால் ஆண்டு முழுவதையும் ஓட்டிவிடலாம். முதுகில் புள்ளியும் கோடும் தீட்டியிருப்பது வாங்குகிறவர் கண்ணுக்காக.

அடி விழுந்த அதே கணத்தில் இழுக்காதீர்கள். கோல் நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, பாரம் கையில் தெரிந்த பின் ஓங்கி இழுங்கள். இழுத்ததும் மீனின் தலையை மேலே திருப்பி, இலைகளின் மேலேயே வழுக்கவிட்டுக் கொண்டுவாருங்கள். தண்டுக்கடியில் போய்விட்டால் அறுக்கப் பார்க்காமல், படகைக் கொண்டுபோய்ச் செடியோடு சேர்த்து அள்ளுங்கள்.

கடுமையாக விவாதிக்கப்பட்ட தீர்மானத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் விரால் பாசியை விலக்கிக் கூடு அமைத்து முட்டையிடும்; முட்டைகள் மிதக்கும். பொரிந்த குஞ்சுகள் செம்மஞ்சள் திரளாக நீர்மட்டத்தில் கொதிப்பது போல மேய, தாயும் தந்தையும் அடியிலேயே காவல் இருக்கும். அந்தத் திரளின் மேல் தவளையை இழுத்தால் அடி நிச்சயம். பசியால் அன்று, விரட்டுவதற்காக. காவல் போனால் குஞ்சுத் திரள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் விருந்தாகிவிடும். குஞ்சுத் திரளைக் கண்டால் எறிவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்தது. பெரிய மீன் அப்போதுதான் கிடைக்கிறது என்று எதிர்த்தவர்கள் சொன்னதை மறுக்கவில்லை, கிடைக்கிறது என்பதால்தான் தீர்மானம் வேண்டியிருந்தது. தெலங்கானா விராலை மாநில மீனாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதன் குஞ்சுகளையாவது விட்டுவைப்போம். பொதுக்குழு இன்று இதற்கு ஒப்புதல் தர வேண்டும்.

வெட்டிய நரம்புத் துண்டுகளுக்காகக் கரையில் வைத்த பெட்டி நிறைந்தும் வருகிறது, பெட்டியைச் சுற்றியும் கிடக்கிறது. பிரெய்டு மக்காது. கொக்கின் காலில் சுற்றினால் அந்தக் கால் போகும். பெட்டிக்குள் போடுவது பெரிய சிரமம் இல்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: புதியவர்களுக்கு இரவல் தர, 50 பவுண்டு பிரெய்டு சுற்றிய சில கோல்கள்; முடிச்சுப் பயிற்சிக்கெனத் தனி வகுப்பு; முள்ளின் எதிர்ச்செதிளை (நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூரை) நசுக்கிவிட்டுப் பிடிப்பதைச் சங்கப் போட்டிகளில் விதியாக்குவது. மூன்றாவதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். நரம்பு தொய்யாமல் இருந்தால் செதிள் இல்லாத முள்ளும் விடாது, கையில் ஏறினால் எளிதாகக் கழலும் என்பது என் தரப்பு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன் பேசலாம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்