நான் உன்னை எப்படா 'நண்பரே'ன்னு கூப்பிட்டேன்?

மயிலாடுதுறை
ஞாயிறு சாயங்காலம்

டேய் நெட்டை,

கையெழுத்தை நல்லாப் பாத்துக்கோ. 'ழ'வுக்கு வாலை இழுத்து அடுத்த வரி வரைக்கும் விட்டிருக்கேன் பாரு, அது நானேதான். பேனா பிடிச்சு ரெண்டு பக்கம் எழுதி எத்தனை வருஷமாச்சோ, கட்டைவிரல் வலிக்குது. இந்த விஷயத்தைப் போன்ல டைப் அடிச்சு அனுப்பினா நீ நம்ப மாட்டே. நம்பவும் கூடாது. அதனாலதான் தபால்.

வீட்டுல எல்லாரும் சௌக்கியம். எனக்குத் தையல் பிரிச்சாச்சு. பித்தப்பையில இருந்து எடுத்த கல்லை ஒரு சின்ன டப்பாவுல போட்டுக் கையில குடுத்தாங்க, ஒவ்வொண்ணும் மொச்சைக்கொட்டை தண்டி. உன் தங்கச்சி தூக்கிப் போடுங்கறா, நான் அலமாரியில வச்சிருக்கேன். சின்னவனுக்கு வரன் பாக்கறோம். நெட்டுரு போட்ட நலம் விசாரிப்பு இத்தோட முடிஞ்சது.

12,000 ரூபா. அதைப் பத்தித்தான் எழுதறேன்.

நீ சொல்லல. போன செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்காரி இவகிட்ட பேசறப்ப, "அவரு அனுப்பின பணம் ஆஸ்பத்திரியில கட்டறதுக்கு நேரத்துக்கு வந்துதா?"ன்னு கேட்டிருக்கா. "எந்தப் பணம்?"னு இவ கேட்டதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லையாம். அப்புறம் உன் பையன் அந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து என் பொண்ணுக்கு அனுப்பினான். படிச்சேன். ஆபரேஷன் பண்ணின இடத்துல வலிக்க வலிக்கச் சிரிச்சேன், அப்புறம் சிரிக்க முடியல.

"வணக்கம் நண்பரே, நலமா? நான் மருத்துவமனையில் இருக்கிறேன். அவசரமாக 12,000 ரூபாய் தேவைப்படுகிறது. நாளை மாலைக்குள் திருப்பி அனுப்பி விடுகிறேன்."

ஏண்டா, 44 வருஷத்துல நான் உன்னை எப்படா 'நண்பரே'ன்னு கூப்பிட்டேன்? 'தேவைப்படுகிறது'ன்னு நான் எழுதி நீ பாத்திருக்கியா? நாளைக்குச் சாயங்காலம் திருப்பித் தர்றேன்னு என் வாயில இருந்து என்னிக்காவது வந்திருக்கா? அந்த ஒரு வரியிலயே நீ உஷார் ஆகியிருக்க வேண்டாமா! ஹாஸ்டல்ல நான் குடிச்ச டீயை எல்லாம் நோட்டுல எழுதி வச்சு மாசக் கடைசியில என் கழுத்துல துண்டைப் போட்டவன் நீ. பணம் அனுப்பறப்ப திரையில வேற எவன் பேரோ வந்திருக்குமே, அதையாவது பாத்தியா? பாத்தியாம். ஆஸ்பத்திரி கேஷியரா இருக்கும்னு நினைச்சியாம். உன் பையன் சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டான்.

திட்டி முடிச்சாச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு தடவை கூட யோசிக்காம நீ அனுப்பியிருக்கே. அதுக்கப்புறம் பத்து நாள் எனக்குப் போன் பண்ணல. ஏன்னு இவகிட்டதான் உன் வீட்டுக்காரி சொல்லியிருக்கா: பணம் குடுத்த கையோட கூப்பிட்டா, எப்போ தருவேன்னு கேக்கற மாதிரி ஆயிடுமேன்னு. பாவி. அந்தப் பத்து நாள்தான் ஏமாத்தினவனுக்கு லாபம். சைபர் மோசடிப் புகாருக்குன்னு இருக்கற 1930-க்கு உடனே கூப்பிட்டிருந்தா, பணம் அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள நிறுத்தி வைக்க ஒரு வழி இருந்திருக்கும். இப்பவும் புகார் குடு. பணம் உன் கணக்குல இருந்து போனதால நீதான் குடுக்கணும். பேங்க் ஆப்ல அந்தப் பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் இருக்கும், அதை எடுத்து வச்சுக்கோ. மெசேஜை அழிச்சுடாதே. கோவத்துல நீ எல்லாத்தையும் அழிக்கற ஆளு, எனக்குத் தெரியும்.

இது எப்படி நடந்துதுன்னு கேளு. ஹேக் ஆயிடுச்சா, பாஸ்வேர்டைத் திருடிட்டானான்னு எல்லாரும் கேட்டாங்க. ஒரு பூட்டையும் எவனும் உடைக்கல. எல்லாம் என் மச்சினன் பண்ணின வேலை.

ஆபரேஷன் முடிஞ்சு வெளிய கொண்டு வந்தப்ப எனக்குப் பாதிதான் நினைவு. பச்சை அங்கி, மூக்குல குழாய், வாய் 'ஆ'ன்னு திறந்திருக்கு. அதை ஒரு போட்டோ. முதல்ல குலதெய்வம் குரூப்ல போட்டிருக்கான். அதுல 140 பேர், அதுல பாதிப் பேரு யாருன்னு எனக்கே தெரியாது. அதோட விட்டானா? அவனோட ஃபேஸ்புக்குல, உலகமே பாக்கற மாதிரி, "அத்தான் விரைவில் நலம் பெறப் பிரார்த்தியுங்கள்". ஊர் பேரு, ஆஸ்பத்திரி பேரு, ரூம் நம்பர், என் கணக்குக்கு ஒரு இணைப்பு. 300 பேருக்கு மேல சோக முகம் போட்டிருந்தாங்க. திருவாரூர்ப் பெரியம்மா மட்டும் சிரிக்கிற முகம். விரல் தப்பியிருக்கும். தப்பலைன்னாலும் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பக்கத்துல இருந்து எவனோ என் பேரையும் இந்தப் போட்டோவையும் எடுத்து, என் பேர்லயே புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சுட்டான். என் நண்பர்கள் பட்டியலை எவன் வேணா பாக்கலாம்னு நான் 2011-ல இருந்து திறந்தே வச்சிருந்திருக்கேன். வரிசையா எல்லாருக்கும் நட்பு அழைப்பு. நான்தான் ஏற்கனவே உன் பட்டியல்ல இருக்கேனே, இன்னொரு தடவை ஏன் வர்றேன்னு எவனும் யோசிக்கல. ஏழு பேருகிட்ட கேட்டிருக்கான். ஆறு பேரு பதில் போடல. (அந்த ஆறு பேரையும் நான் குறிச்சு வச்சிருக்கேன், அது தனிக் கணக்கு.)

இதுல எனக்குக் கோவம் யார் மேலன்னு இன்னும் தெரியல. மச்சினன்கிட்ட சத்தம் போட்டேன். "அன்புலதானே அத்தான் போட்டேன்"னான். பொய் இல்ல. நாலு ராத்திரி அந்தத் தரையில பாய் விரிச்சுப் படுத்து, எனக்கு மூத்திரக் குப்பி எடுத்து ஊத்தினதும் அவன்தான். அந்தப் போஸ்டைப் பாத்துத்தான், என்கூட வேலை பாத்த லைன்மேன் ஒருத்தர், 20 வருஷமாப் பாக்காதவர், சைக்கிள்ல இளநீரோட வந்து நின்னாரு. அப்ப அது தப்பா, சரியா? நான் ஒண்ணுதான் கேட்டேன்: "முழிச்சதுக்கப்புறம் என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாமில்ல?" அவனுக்கு அது புரியவே இல்ல. உங்களைக் கேக்கணுமான்னு முழிக்கறான். என் மூஞ்சிடா அது!

பொண்ணு சொன்னா, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24-ல சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பு சொல்லியிருக்காங்களே அப்பான்னு. ஆதாரை எதிர்த்து அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி, கர்நாடகா ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்து ரிட்டையர் ஆனவர். 2012-ல போட்டப்ப அவருக்கு வயசு 86. நமக்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல இருக்கு, அது வரைக்கும் சும்மா உக்காந்திருக்கலாம். விளையாட்டை விடு. 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துது பாரு, அதை ஆசையாப் படிச்சேன். ஒருத்தர் தன் சொந்த உபயோகத்துக்கு, வீட்டு உபயோகத்துக்குச் செய்யறதை இந்தச் சட்டம் தொடாதுன்னு ஆரம்பத்துலயே எழுதி வச்சிருக்கான். குலதெய்வம் குரூப்பை எந்தக் கோர்ட்டுக்கு இழுக்கறது? வாட்ஸ்அப்ல 2016-ல இருந்து நடுவுல எவனும் படிக்க முடியாதாம், அவங்களே படிக்க முடியாதாம். சந்தோஷம். நடுவுல இருக்கறவன்கிட்ட நமக்கு என்ன பயம்? இந்தப் பக்கம் மச்சினன், அந்தப் பக்கம் 140 பேர்.

உனக்கு ஞாபகம் இருக்கா, உங்கப்பா கார்டு எழுதற விதம்? "இங்கு மழை. பசு கன்று போட்டது. பரீட்சைக்குப் படி." போஸ்ட்மேன் படிப்பான், ஹாஸ்டல் வாட்ச்மேன் படிப்பான், நாங்களும் படிப்போம்னு தெரிஞ்சே எழுதின கார்டு. உங்கக்கா புருஷன் விவகாரம் மட்டும் இன்லேண்டுல வந்துது, மூணு பக்கமும் சோத்தை வச்சு ஒட்டி. சொத்துப் பிரிச்ச விஷயம் கவர்ல, அதுவும் ரெஜிஸ்டர் தபால்ல. அவர் அஞ்சாங்கிளாஸ்தான். எது கார்டுல போகும், எது கவர்ல போகும்னு அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கல. நாம டிகிரி முடிச்சவங்க, என் பித்தப்பையைக் கார்டுல எழுதி ஊர் முழுக்க அனுப்பியாச்சு.

மச்சினனைச் சொல்றேனே, நான் மட்டும் யோக்கியமா? போன ஜூன்ல பேத்தி ஸ்கூல் சேர்ந்த அன்னிக்கு, புது யூனிபார்ம், கழுத்துல பேரு, கிளாஸு, வேன் நம்பரோட அடையாள அட்டை, பின்னாடி ஸ்கூல் போர்டு. அள்ளிக்கிட்டு வந்து போட்டேன். 'எங்கள் குலவிளக்கு'. பொண்ணு பெங்களூர்ல இருந்து கூப்பிட்டு, "அப்பா, இப்பவே எடுங்க"ன்னா. தாத்தனுக்கு உரிமை இல்லையான்னு ரெண்டு மாசம் அவகிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். அதுக்கும் முன்னாடி 2021-ல, தடுப்பூசிச் சான்றிதழை ஸ்டேட்டஸ்ல வச்சவன்தானே நான். பேரு, வயசு, ஆதாரோட கடைசி நாலு எண், ஸ்கேன் பண்ணற கட்டம், எல்லாம் அதுல. ஊரே வச்சுது. கடைசியில அதையெல்லாம் பகிராதீங்கன்னு உள்துறையோட சைபர் பக்கமே கெஞ்ச வேண்டியதாப் போச்சு. நீயும் வச்சேன்னு ஞாபகம், மஞ்சள் சட்டையில செல்ஃபியோட.

அதுவும் நான் பாத்த உத்தியோகம் என்ன? 31 வருஷம் கரண்ட் ஆபீஸ்ல அசெஸர். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஊரான் வீட்டு மீட்டரை எட்டிப் பாத்தவன். எவன் வீட்டுல புதுசா ஏசி வந்துது, எவன் கடை மேல வீடு கட்டி ரெண்டாவது குடித்தனம் வச்சிருக்கான், எல்லாம் அந்த யூனிட்லயே தெரியும். பூட்டின வீடுன்னா 'டோர் லாக்'னு குறிச்சுக்குவோம். எந்த வீடு எத்தனை நாளாப் பூட்டிக் கிடக்குன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்தத் திருடனுக்கும் தெரியாது. அதை டீக்கடையில ஒரு வார்த்தை சொன்னதில்ல. உன்கிட்ட கூடச் சொன்னதில்ல, நீ எவ்வளவு நோண்டினே அந்த டாக்டர் வீட்டு விஷயத்துல! அப்படிப்பட்டவன் வீட்டுல, போன மே மாசம் எல்லாரும் கொடைக்கானல் போனப்ப, மாப்பிள்ளை கொடை ரோடு ஸ்டேஷன்ல இருந்தே "குடும்பத்துடன் ஐந்து நாள்"னு இடத்தோட போட்டாரு. வாசல்ல 'டோர் லாக்'னு பெயிண்ட்ல எழுதின மாதிரிதான். மாப்பிள்ளை, நான் என்ன சொல்ல முடியும்? போளி நல்லா இருக்குன்னேன்.

இப்போ பொண்ணு உக்காந்து எல்லாத்தையும் இறுக்கிட்டா. பட்டியலை நான் மட்டும் பாக்கற மாதிரி, ஃபேஸ்புக்குல அந்தப் பூட்டு, வாட்ஸ்அப்ல ஆறு இலக்கத்துல ஒரு பின். கண்டவன் குரூப்ல இழுத்துச் சேக்க முடியாத மாதிரியும் வைக்கலாமாம், 2019-லயே வந்துடுச்சாம். அந்த மனை விக்கறவன் குரூப்ல மூணு வருஷம் 'காலை வணக்கம்' வாங்கினதுக்கு அப்புறம் எனக்குத் தெரியுது. நீயும் உன் பையனை உக்கார வச்சுச் செஞ்சுடு. முதல்ல உன் பிறந்த தேதி, பேங்க் கிளை, வண்டி நம்பர் தெரியற அந்தக் கவர் போட்டோவை எடு. புல்லட் வாங்கினது எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு, போதும். போலிக் கணக்கு இன்னும் இருக்கு. நான் புகார் கொடுத்திருக்கேன். நீயும் 'வேறொருவர் போல் நடிக்கிறார்'னு இருக்கறதை அமுக்கு. அந்த ஆறு பேரையும் அமுக்கச் சொல்லு, அதாவது பண்ணட்டும்.

இதோட ஒரு செக் வச்சிருக்கேன், 12,000-க்கு. 'அக்கவுண்ட் பேயி' கோடு போட்டு, உன் முழுப் பேரு எழுதி. திருப்பி அனுப்பினேன்னா பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கே வருவேன், தையல் பிரிச்ச வயித்தோட. என் மூஞ்சியைக் காட்டி வாங்கின பணம் அது. நீ ஏமாந்ததுன்னு நினைச்சுக்கிட்டிருக்கே, நான் வாங்கின கடன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும், செக்கைப் போடு.

இன்னொண்ணு. இனிமே என் பேர்ல எவன் காசு கேட்டாலும், என் குரல்லயே கேட்டாலும், ஹாஸ்டல் ரசவாளி அன்னிக்குக் கடைசியில யாருகிட்ட இருந்துதுன்னு கேளு. பதில் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வார்டன் போய்ச் சேந்துட்டாரு. இங்க எழுத மாட்டேன். என் கடிதத்தை உனக்கு முன்னாடி உன் வீட்டுக்காரி பிரிச்சுப் படிப்பா. (தங்கச்சி, சௌக்கியமா? நீ கேக்காத, இவன் சொல்ல மாட்டான்.)

முட்டிவலிக்கு அந்த எண்ணெய் கேட்டியே, அடுத்த வாரம் அனுப்பறேன்.

உன்,
மீட்டர்

பி.கு.: கிடைச்சதும் ஒரு போன் பண்ணு, போதும். போட்டோ எடுத்து நம்ம பேட்ச் குரூப்ல போட்டு 'வந்தது'ன்னு சொல்லாதே. உள்ள செக் இருக்கு.