எந்த ஐ5?

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களாகத் தங்கள் பத்திரிகையில் கணினி விலைக்கழிவு விளம்பரங்கள் முழுப் பக்கத்துக்கு வருகின்றன. "கோர் ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஐ5 என்பது கணினியின் மூளையான செயலி ஒன்றுக்கு இன்டெல் நிறுவனம் வைத்த பெயர். அது எந்த ஐ5 என்று மட்டும் சொல்வதில்லை. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். அலகு எழுதாத விடையைப் பார்த்தால் வருகிற அதே எரிச்சல் இதிலும் வருகிறது.

2011இல் வந்த ஐ5-2400உம் ஐ5தான், 2022இல் வந்த ஐ5-12400உம் ஐ5தான். மேசைக் கணினி என்றால் அந்த இலக்கத்தின் கடைசி மூன்றையும் மறைத்துவிட்டு முன்னால் மிஞ்சுவதைப் பாருங்கள். அதுதான் தலைமுறை. பாவித்த கணினி வாங்குகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும். இதைக் கேட்காமல் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு இரண்டாம் தலைமுறைப் பெட்டியை வாங்கிக் கொடுத்த பெற்றோரை எங்கள் உவர்மலையிலேயே எனக்குத் தெரியும்.

மற்றவர்களைச் சொல்லி என்ன, நானே ஏமாந்தவன்தான். பேத்தி பாவிக்கும் பழைய கணினி ஊர்ந்துகொண்டிருந்தது. தற்காலிக நினைவகமான ரேமைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நகரில் உள்ள பெரிய இலத்திரனியல் கடை ஒன்றுக்குப் போய், "தம்பி, 8 ஜிபி ரேம் ஒன்று" என்றேன். என்ன மதர்போட் (பாகங்கள் எல்லாம் பொருத்தப்படும் தாய்ப்பலகை), என்ன ரேம் வகை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பொதியைக் கிழித்துப் பொருத்தப் பார்த்தால், ரேமில் உள்ள வெட்டு ஓரிடத்தில், போட்டில் உள்ள மேடு இன்னோரிடத்தில். என்னுடையது 240 முனை கொண்ட டிடிஆர்3 வகை. வாங்கியது 288 முனை கொண்ட டிடிஆர்4. திரும்பக் கொண்டுபோனால், பொதி பிரித்தாயிற்று, காசு தர முடியாது, அதே பெறுமதிக்கு வேறு பொருள் எடுக்கலாம் என்றார்கள். டிடிஆர்3 அவர்களிடம் இல்லை. ரேம் வாங்கப் போன நான் ரைஸ் குக்கரோடு திரும்பினேன். சோறு நன்றாகத்தான் வேகிறது.

அந்தத் தம்பியை நான் நோகவில்லை. காலையில் குளிர்சாதனப் பெட்டி, மத்தியானம் தொலைக்காட்சி, பின்னேரம் ரேம் என்று விற்கிறவர் அவர். விலை தெரியும், என் பெட்டிக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய ரேமைக் கழற்றி, அதன் ஒட்டுத்தாளை நான்தான் வாசித்திருக்க வேண்டும். பிசி3 என்று தொடங்கினால் டிடிஆர்3, பிசி4 என்றால் டிடிஆர்4. மதர்போட்டில் அச்சிட்டிருக்கும் மாதிரி இலக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்திருந்தால் சண்டையே வந்திராது.

பிறகு தெரிந்தது, எனக்கு வேண்டியது ரேமே அல்ல என்று. பழைய வன்தட்டை எடுத்துவிட்டு, அதே சாட்டா இணைப்பில் செருகும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போட்டதும் பெட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதிலும் கவனம் வேண்டும். விநாடிக்கு 3,500 எம்பி (மெகாபைட்) வேகம் என்று என்விஎம்ஈ என்ற இன்னொரு எஸ்எஸ்டி வகையைக் காட்டுவார்கள். அதைச் செருகும் இடம் பழைய போட்டில் இருப்பது அரிது. சாட்டா வழி எவ்வளவு முக்கினாலும் 600 எம்பியைத் தாண்டாது. பழைய பெட்டிக்கு அதுவே தாராளம்.

கணினியின் வெளிப்பெட்டியான கேசிங்குடன் "இலவசமாக" வரும் பவர் சப்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே 500 வாட் என்றிருக்கும். பக்கத்து அட்டவணையில் 12 வோல்ட் வரிக்கு 18 அம்பியர் என்று மட்டும் போட்டிருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். புதிய கணினிக்குள் பெரும்பாலான பாரத்தைச் சுமப்பது அந்த 12 வோல்ட்தான். எட்டாம் வகுப்புக் கணக்கு இது.

உத்தரவாதம் மூன்று வருடம் என்றால் நாங்கள் மகிழ்ந்துவிடுகிறோம். பழுதானால் பொருள் எங்கே போகும் என்று கேளுங்கள். "கொழும்புக்கு அனுப்ப வேண்டும் ஐயா" என்பார்கள். இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். போய் வரும் வரை மாற்றுப் பொருள் தருவார்களா, மின்னல் அடித்தால் உத்தரவாதம் உண்டா என்பதைக் காசு கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். மழைக்காலம் தொடங்கும்போது இங்கே இடி எப்படி முழங்கும் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றுச்சீட்டில் பொருளின் தொடரிலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பற்றுச்சீட்டைத் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரம் தருகிற கடைகளிடம் செயலியின் முழு இலக்கத்தையும், ரேமின் வகையையும், பாவித்ததா புதியதா என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அரை வரி கூடும், அவ்வளவுதான். அந்த இடத்துக்கும் அவர்கள்தானே காசு கட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.